இணக்கத்தின் சொற்கள்: மருத்துவவழித் தொற்று வழக்குகளில் ஜப்பானிய அரசின் தீர்வுகள் (1996–2011)

0. முன்னுரை

மருத்துவம் பெறச் சென்ற இடத்திலேயே நோய்த்தொற்றுக்கு ஆளானோர் அரசின்மீது வழக்குத் தொடுப்பதும், அவ்வழக்குகளை அரசு இணக்கத்தின்வழி முடித்துக்கொள்வதும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. இத்தகைய இணக்கங்களைச் சட்ட வரலாறாகவும் மருத்துவ வரலாறாகவும் நோக்கலாம். மொழி வரலாறாகவும் நோக்கலாம். ஓர் இணக்க ஆவணத்தில் இரு தரப்பாரும் சொல் சொல்லாகப் பேரம் பேசியே கையொப்பமிடுகின்றனர். வழங்கப்படும் தொகைக்கு என்ன பெயர், அதைப் பெறுவோருக்கு என்ன பெயர், நேர்ந்த தீங்கு எவ்வகை வினைச்சொல்லால் குறிக்கப்படுகிறது, வருத்தம் யார் வாயால் எவ்வடிவில் தெரிவிக்கப்படுகிறது என்னும் நான்கு வினாக்களும் அப்பேரத்தில் இடம்பெறுகின்றன.

இக்கட்டுரை ஜப்பானில் 1996, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் எட்டப்பெற்ற மூன்று தீர்வுகளை இந்நான்கு வினாக்களின்வழி ஆராய்கிறது. அரசின் பொறுப்பு படிப்படியாக ஏற்கப்பட்டபோதிலும், வழங்கிய தொகையின் பெயரில் அப்பொறுப்பு இடம்பெறாமலே போயிற்று என்பதும், அச்சொல்லாட்சி யார் தீர்வுக்குள் வருவார், யார் வெளியே நிற்பார் என்பதோடு தொடர்புடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். ஒப்பீட்டுக்காகப் பிரித்தானியாவின் அனுபவம் சுருக்கமாகச் சுட்டப்படுகிறது. இத்தகைய பனுவல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இறுதியில் எடுத்துரைக்கப்படுகின்றன. ஜப்பானியச் சொற்கள் அவற்றின் ஒலிவடிவிலேயே தரப்பட்டுள்ளன.

1. சொற்களின் பின்னணி

1.1 பைஷோ, ஹோஷோ

ஒருவருக்கு நேர்ந்த இழப்பை அரசு ஈடுசெய்வதைக் குறிக்க ஜப்பானியச் சட்ட மொழியில் இரு சொற்கள் உள்ளன. 'பைஷோ' என்பது தவறான செயலால் விளைந்த தீங்குக்குச் செலுத்துவது. 'ஹோஷோ' என்பது முறையான செயலால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பை நிரப்புவது. 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பு இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. அரசு அலுவலரின் சட்டத்துக்குப் புறம்பான செயலால் தீங்குற்றவர் அரசிடம் ஈடு கோரலாம் எனக் கூறும் 17ஆம் பிரிவில் 'பைஷோ' என்ற சொல் வருகிறது. பொதுப் பயனுக்காகத் தனியார் சொத்தை எடுத்துக்கொள்வது பற்றிய 29ஆம் பிரிவிலும், காவலில் வைக்கப்பட்டுப் பின்னர்க் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர் பற்றிய 40ஆம் பிரிவிலும் 'ஹோஷோ' என்ற சொல்லே வருகிறது.

இதே அரசியலமைப்பின் ஆங்கில வடிவில் 17, 40 ஆகிய இரு பிரிவுகளிலும் 'ரிட்ரெஸ்' என்ற ஒரே சொல் ஆளப்பட்டுள்ளது. 29ஆம் பிரிவில் மட்டும் 'காம்பன்சேஷன்' வருகிறது. எனவே, ஆங்கில வடிவத்தை மட்டும் கண்டு மொழிபெயர்ப்பவருக்கு மூலத்தில் உள்ள எல்லைக்கோடு புலப்படாது. மூலத்தில் இல்லாத ஒரு கோடு புலப்படும். ஜப்பானியச் சட்டப் பனுவல்களை ஆங்கிலத்தின்வழி அணுகும் நமக்கு இது முதல் எச்சரிக்கையாகும்.

1.2 பள்ளத்தாக்கும் 'க்யூசாய்' என்ற சொல்லும்

தவறும் நிறுவப்படவில்லை, தீங்கோ பெரிது என்னும் நிலையில் இவ்விரு சொற்களும் பொருந்துவதில்லை. முறைப்படி செலுத்தப்பட்ட தடுப்பூசியாலேயே ஒரு குழந்தை முடமாவது இதற்கு எடுத்துக்காட்டு. ஜப்பானியச் சட்டவியலார் இவ்விடைவெளியை அரசு ஈட்டின் 'பள்ளத்தாக்கு' என உருவகமாகக் குறிப்பிடுவர். இப்பள்ளத்தாக்கை நிரப்ப வந்த சொல்லே 'க்யூசாய்' ஆகும். இடரிலிருந்து மீட்டல், துயர் துடைத்தல் என்னும் பொருளுடைய இச்சொல் சமய வழக்கிலும் அறவழக்கிலும் பயின்றுவருவது. இதில் தவறு செய்தவர் யார் என்ற குறிப்பு இல்லை. மீட்பவர் என்ற குறிப்பு உண்டு.

1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழித் தடுப்பூசியால் உடல்நலம் கெட்டோருக்கான திட்டம் இப்பெயரால் அமைந்தது. 'ஸ்மோன்' எனப்படும் நரம்புநோய் குயினோபார்ம் மருந்தால் வந்ததென்று நிறுவப்பட்டு, அவ்வழக்குகள் 1979இல் இணக்கத்துக்கு வந்தபோது, அதே ஆண்டில் மருந்துப் பக்கவிளைவால் தீங்குற்றோருக்கான நிதியமும் 'க்யூசாய்' என்ற சொல்லைத் தாங்கியே பிறந்தது. அந்நிதியம் பக்கவிளைவுகளை மட்டுமே தழுவியது. மருந்தின்வழிப் பரவிய தொற்று அதன் எல்லைக்குள் வரவில்லை. உயிர்ப்பொருள்களிலிருந்து ஆக்கப்பட்ட மருந்துகளால் வரும் தொற்றுக்கென ஒரு திட்டம் 2004இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் தொற்றுக்கு ஆளானோருக்கு நீதிமன்றமே வழியாயிற்று.

1.3 வக்காய்

நீதிமன்ற இணக்கத்தைக் குறிக்கும் சொல் 'வக்காய்'. இதன் முதற்கூறு அமைதி, இசைவு என்றும், இரண்டாங்கூறு அவிழ்த்தல், தீர்த்தல் என்றும் பொருள்படும். உரிமையியல் சட்டத்தின் 695ஆம் பிரிவு, இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பூசலை முடிப்பதாக உறுதிகூறுவதே வக்காய் என வரையறுக்கிறது. நீதிமன்றப் பதிவேட்டில் எழுதப்பெற்ற வக்காய்க்கு இறுதித் தீர்ப்பின் வலிமை உண்டு. ஆயின் தீர்ப்பைப் போல அது எவர் தவறினார் என்று உரைக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்தல் இரு தரப்புக்கும் பொது என்பது வரையறை. நோயாளி விட்டுக்கொடுப்பது எது என்று கேட்டால், பெரும்பாலும் அது அவ்வுரைத்தலே ஆகும். இம்மூன்று தீர்வுகளிலும் வழக்காடிகள் அதனை முற்றிலும் விட்டுக்கொடுக்க மறுத்தனர் என்பதே இவற்றின் வரலாற்றுச் சிறப்பு.

2. 1996: எச்.ஐ.வி. தொற்று வழக்கு

இரத்தம் உறையாமை நோயுடையோருக்குச் செலுத்தப்பட்ட உறைகாரணி மருந்துகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த இரத்த நீர்மத்தால் ஆக்கப்பட்டவை. வெப்பத்தால் கிருமி நீக்கப்பட்ட மருந்துக்கு அமெரிக்கா 1983இல் ஒப்புதல் அளித்தது. ஜப்பான் 1985இல் அளித்தது. இதற்கிடையில் சூடாக்கப்படாத மருந்தைப் பெற்றோரில் 1,400க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர். 1989 மே மாதத்தில் ஒசாகாவிலும், அக்டோபரில் தோக்கியோவிலும் அரசின்மீதும் ஐந்து மருந்து நிறுவனங்களின்மீதும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

நோயின்மீதான சமூக இழிவு அஞ்சி, வழக்காடிகள் பெயர் மறைத்து எண்களால் அறியப்பட்டனர். ஒருவர் தம் பெயரை இழந்து எண்ணாக நின்று, அரசு தன் செயலுக்குரிய பெயரைச் சொல்லவேண்டும் எனக் கேட்ட வழக்கு இது. 1995இல் கவாதா ரியூஹெய் என்ற இளைஞர் தம் பெயரை வெளியிட்டமை பொதுமக்கள் கருத்தை வெகுவாக மாற்றியது. அவர் 2007இல் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார்.

1995 அக்டோபர் 6 அன்று தோக்கியோ, ஒசாகா மாவட்ட நீதிமன்றங்கள் இணக்கத்தைப் பரிந்துரைத்தன. 1996 சனவரியில் நலத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற கான் நாவோத்தோ, இல்லையென அமைச்சகம் அதுவரை கூறிவந்த கோப்புகள் கிடைத்துள்ளதாகப் பிப்ரவரியில் அறிவித்தார். பிப்ரவரி 16 அன்று வழக்காடிகளிடம் அரசின் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கோரினார். மார்ச்சு 29 அன்று இணக்கம் எட்டப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 4.5 கோடி யென் எனவும், அதில் நிறுவனங்கள் 60 விழுக்காடும் அரசு 40 விழுக்காடும் ஏற்பது எனவும், நோய் முற்றியோருக்குத் திங்கள்தோறும் 1.5 இலட்சம் யென் எனவும் முடிவாயிற்று. எய்ட்சு மருத்துவத்திற்கென 1997இல் ஒரு நடுவம் நிறுவப்பட்டதும் இவ்விணக்கத்தின் விளைவே.

இங்குத் தொகையின் பெயர் 'வக்காய்கின்', அதாவது இணக்கப்பணம். காரணத்தாலன்றி, நிகழ்முறையால் பெயர்பெற்ற தொகை இது. பொறுப்பு அமைச்சரின் வாய்மொழியிலும் இணக்கத்தோடு கையொப்பமான உறுதியாவணத்திலும் இருந்தது. தொகையின் பெயரில் இல்லை.

இவ்விணக்கத்தின் தொடர்ச்சியாக 1999 ஆகஸ்டு 24 அன்று அமைச்சக வளாகத்தில் ஓர் 'உறுதிமொழிக் கல்' நாட்டப்பட்டது. இதன் வாசகம் மொழியியலாரின் கவனத்திற்குரியது. மருந்தால் விளைந்த சமூகத் தீங்கைக் குறிக்க ஜப்பானியத்தில் 'யாக்குகாய்' என்ற சொல் உண்டு. மருந்து, கேடு என்னும் இரு கூறுகளாலான இச்சொல், 'பக்கவிளைவு' என்பதிலிருந்து வேறுபட்டது. பக்கவிளைவு மருந்தின் இயல்பு. யாக்குகாய் மனிதர் தடுத்திருக்கக்கூடியது. கல்லின் முதற்பகுதியில் அமைச்சகம் உறுதிமொழி கூறுமிடத்தில் இச்சொல் இல்லை. 'மருந்துகளால் ஆன துயர்மிகு தீங்குகள்' என்ற தொடரே உள்ளது. பிற்பகுதியில் நிகழ்ச்சியைப் பெயர்சுட்டுமிடத்தில் மட்டும் 'யாக்குகாய் எய்ட்சு' என்ற தொடர் மேற்கோள் குறிகளுக்குள் வருகிறது. பிறர் அவ்வாறு அழைக்கின்றனர் என்பது மேற்கோள் குறியின் பொருள். கல்லில் வெட்டும்போதும் அச்சொல்லை அமைச்சகம் தன் சொல்லாக ஏற்கவில்லை எனலாம்.

3. 2008: சி வகைக் கல்லீரல் அழற்சி வழக்கு

3.1 கோடும் சமமும்

மகப்பேற்றின்போதும் அறுவையின்போதும் குருதிப்போக்கை நிறுத்த ஃபைப்ரினோஜென் என்னும் மருந்து ஜப்பானில் பரவலாகச் செலுத்தப்பட்டது. 1980 முதல் ஏறத்தாழ 2.9 இலட்சம் பேருக்கு இது செலுத்தப்பட்டிருக்கலாம் என்றும், 10,000க்கும் மேற்பட்டோர் சி வகைத் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்றும் மதிப்பிடப்பட்டது. 2002 அக்டோபரில் தொடங்கிய வழக்குகளில் ஒசாகா, ஃபுகுவோக்கா, தோக்கியோ, நகோயா, செந்தாய் ஆகிய ஐந்து மாவட்ட நீதிமன்றங்கள் 2006–2007இல் தீர்ப்பளித்தன. எக்காலம் முதல் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்பதில் அவை வேறுபட்டன. செந்தாய் நீதிமன்றம் அரசுக்குப் பொறுப்பே இல்லை என்றது.

2007 அக்டோபரில், தொற்றியிருக்கலாம் என ஐயுறப்பட்ட 418 நோயாளிகள் பற்றிய பட்டியல் அமைச்சகக் கிடங்கில் இருந்தமை வெளிப்பட்டது. நிறுவனம் அதனை 2002இலேயே அளித்திருந்தும் உரியவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. இதனால் எழுந்த கொந்தளிப்பினிடையே 2007 திசம்பர் 13 அன்று ஒசாகா உயர்நீதிமன்றம் ஓர் இணக்க வரைவை முன்வைத்தது. தோக்கியோ தீர்ப்பு வகுத்த காலவரையறைக்குள் மருந்து பெற்றோருக்கு நேரடித் தொகையும், ஏனையோரின் பொருட்டு 80 கோடி யென் கொண்ட பொதுத் தொகையும் என்பது அதன் அமைப்பு. திசம்பர் 20 அன்று அமைச்சர் மசுசோயே யோயிச்சி அப்பொதுத் தொகையை 300 கோடி யென்னாக உயர்த்த முன்வந்தார். வழக்காடிகள் அதனை மறுத்தனர்.

இம்மறுப்பின் மொழி இரு சொற்களில் அடங்கும். ஒன்று 'சென்பிகி', கோடு கிழித்தல். மற்றொன்று 'இச்சிரிட்சு க்யூசாய்', அனைவருக்கும் ஒருபடித்தான மீட்பு. ஒரே மருந்து, ஒரே நோய். நாள்காட்டியில் ஒரு திங்கள் முன்னே மகப்பேறு நிகழ்ந்தவர் ஒருவர், பின்னே நிகழ்ந்தவர் மற்றொருவர். முன்னவருக்குப் பொதுத் தொகையிலிருந்து பங்கும், பின்னவருக்கு உரிமையாகத் தொகையும் என்றால், முன்னவரின் தீங்கு தீங்கே அன்று எனப் பொருள்படும். உறுதியாகக் கிடைக்கவிருந்த தொகையை, வெளியே நிறுத்தப்படவிருந்தோருக்காக உள்ளே இருந்தோர் மறுத்தனர்.

பள்ளத்தாக்கை நிரப்ப வந்த 'க்யூசாய்' இங்கு வழக்காடிகளின் முழக்கமாயிற்று. பைஷோ என்பது தவறு நிறுவப்பட்டோருக்கு மட்டுமே உரியது. நீதிமன்றம் வகுத்த காலத்துக்கு வெளியே அது செல்லாது. அனைவரையும் உள்ளடக்கத் தவற்றைச் சுட்டாத சொல்லே தேவைப்பட்டது. பொறுப்பைச் சொல்லும் சொல் சிலரை விலக்கிற்று. அனைவரையும் அணைத்த சொல்லோ பொறுப்பைச் சொல்லவில்லை. இச்சிக்கலின் நடுவிலேயே 2008ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டது.

3.2 முகவுரையின் இலக்கணம்

திசம்பர் 23 அன்று தலைமை அமைச்சர் ஃபுகுதா யாசுவோ, அனைவருக்கும் பொதுவான தீர்வை நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொணரும் சட்டத்தின்வழி ஏற்பதாக அறிவித்தார். அரசே முன்வைக்கும் சட்டமாகவன்றி உறுப்பினர் சட்டமாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. 2008 சனவரி 11 அன்று சட்டம் நிறைவேறியது. சனவரி 15 அன்று அடிப்படை உடன்பாடு கையொப்பமாயிற்று. கல்லீரல் புற்று, இழைநார் வளர்ச்சி, இறப்பு ஆகியவற்றுக்கு 4 கோடி, நாட்பட்ட அழற்சிக்கு 2 கோடி, அறிகுறியில்லாத் தொற்றுக்கு 1.2 கோடி யென் என அது வகுத்தது. தொகையின் பெயர் 'க்யூஃபுகின்', அதாவது வழங்குதொகை. சட்டத்தின் நெடும்பெயரில் 'தொற்றால் தீங்குற்றோரை மீட்பதற்கான வழங்குதொகை' என்ற தொடர் இடம்பெற்றது.

வழக்காடிகள் வற்புறுத்திய பொறுப்பு இச்சட்டத்தின் முகவுரையில் இடம்பெற்றது. அவ்வாக்கியத்தின் அமைப்பைப் பகுத்து நோக்குவது பயன்தரும்.

(அ) தீங்கைக் குறிக்கும் வினை செயப்படுபொருள் குன்றியது. பெருந்தீங்கு 'நேர்ந்தது' என்கிறது முகவுரை. 'விளைவித்தது' என்று கூறவில்லை.

(ஆ) பொறுப்பு, தீங்கு பரவுவதைத் 'தடுக்க இயலாமற்போனமை' குறித்தே ஏற்கப்படுகிறது. இங்குள்ளது இயலாமை வினை, 'தடுக்காமை' அன்று. இயலாமை ஆற்றலின் குறை. செய்யாமை கடமையின் குறை. இது வெறும் நடைவேறுபாடு அன்று என்பதை வேறொரு வழக்கு காட்டும். அதே 2008 மார்ச்சு 3 அன்று, எச்.ஐ.வி. தொற்று தொடர்பான குற்றவியல் வழக்கில், முன்னாள் அமைச்சக அலுவலர் ஒருவர் செய்யவேண்டியதைச் செய்யாமையால் கவனக்குறைவுக் குற்றம் புரிந்தார் என்ற முடிவை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

(இ) மன்னிப்பு 'கோருகிறது' எனக் கூறப்படவில்லை. அரசு மன்னிப்புக் 'கோரவேண்டும்' எனக் கடப்பாட்டு வடிவில் உள்ளது. ஆஸ்டின் வகுத்த நெறிப்படி, தன்மையிடத்தில் நிகழ்காலத்தில் 'மன்னிப்புக் கோருகிறோம்' என்பது சொல்லும்போதே நிகழும் செயல். 'கோரவேண்டும்' என்பது அச்செயலன்று. அச்செயலைப் பற்றிய கட்டளை. சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். மன்னிப்புக் கோரவேண்டியது அரசு. எனவே இவ்வடிவம் தவிர்க்கவியலாதது எனவும் வாதிடலாம். மறுபுறம், உறுப்பினர் சட்டம் என்ற வழியைத் தேர்ந்ததாலேயே இவ்வடிவம் நேர்ந்தது என்பதும் உண்மை.

(ஈ) தீங்குற்றோரைக் குறிக்குமிடத்தில் 'கதகதா' என்ற மரியாதைப் பன்மை வருகிறது. சட்ட உரைநடையில் இது அரிது. பொறுப்பில் குறுகிய வாக்கியம் மரியாதையில் விரிகிறது.

குறைகள் இவ்வளவு இருப்பினும், அரசின் பொறுப்பு ஒரு சட்டத்தின் முகப்பில் எழுதப்பட்டது பெரிய மாற்றமே. தம் பெயரை வெளியிட்டு வழக்காடிய ஃபுகுதா எரிக்கோ 2009இல் நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும், அகற்றப்பட்ட கோடு வேறிடத்தில் தோன்றிற்று. தொகை பெற அம்மருந்து செலுத்தப்பட்டமை நீதிமன்றத்தில் காட்டப்படவேண்டும். மருத்துவப் பதிவேடுகளைக் காக்கவேண்டிய சட்டக்காலம் ஐந்து ஆண்டுகளே. 1970களிலும் 1980களிலும் மகப்பேறுற்ற பெண்கள் பலரின் பதிவேடுகள் அழிந்துவிட்டன. 'அனைவருக்கும்' என்ற சொல், சான்று கிடைத்தோர் அனைவருக்கும் என்றாயிற்று.

4. 2011: பி வகைக் கல்லீரல் அழற்சி வழக்கு

1948ஆம் ஆண்டுத் தடுப்பூசிச் சட்டம் குழந்தைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. பள்ளிகளிலும் நலநிலையங்களிலும் வரிசையில் நின்ற குழந்தைகளுக்கு ஒரே ஊசிக்குழல் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டது. ஆளுக்கொரு ஊசி என்பது 1958இல் விதியாயிற்று. ஆளுக்கொரு ஊசிக்குழல் என்பது 1988 சனவரியில்தான் அறிவுறுத்தப்பட்டது. 1989இல் சப்போரோவில் ஐந்து வழக்காடிகள் தொடுத்த வழக்கு 2000இல் தள்ளுபடியாகி, 2004இல் உயர்நீதிமன்றத்தில் ஓரளவு வென்று, 2006 சூன் 16 அன்று உச்சநீதிமன்றத்தில் ஐவருக்கும் சார்பாக முடிந்தது. பதினேழு ஆண்டுகள் நடந்த வழக்கு அது.

இங்கு நிறுவப்பட்டது ஐயத்துக்கிடமற்ற 'பைஷோ'. ஆயினும், தீர்ப்பு அவ்வைவருக்கே உரியது என அரசு கொண்டது. அதனால் 2008 மார்ச்சு முதல் நாடெங்கும் புதிய வழக்குகள் எழுந்தன. சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2010இல் இணக்கத்தைப் பரிந்துரைத்து, 2011 சனவரி 11 அன்று தன் கருத்தை வெளியிட்டது. அரசு அதனை ஏற்றது. சூன் 28 அன்று அடிப்படை உடன்பாடு கையொப்பமாயிற்று. அன்று வழக்காடிகளைச் சந்தித்து மன்னிப்புக் கோரிய தலைமை அமைச்சர், 1996இல் நலத்துறை அமைச்சராக இருந்த அதே கான் நாவோத்தோ.

உடன்பாட்டின்படி இறப்பு, புற்று, கடுமையான இழைநார் வளர்ச்சி ஆகியவற்றுக்கு 3.6 கோடி, கடுமை குறைந்த இழைநார் வளர்ச்சிக்கு 2.5 கோடி, நாட்பட்ட அழற்சிக்கு 1.25 கோடி, அறிகுறியில்லாத் தொற்றுக்கு 60 இலட்சம் யென் என வகுக்கப்பட்டது. தொற்றி இருபது ஆண்டுகள் கடந்திருப்பின் அறிகுறியில்லாதோருக்கு 5 இலட்சம் யென்னும் பரிசோதனைச் செலவுமே கிட்டும். குழந்தைப் பருவத்தில் தொற்றியோருள் பெரும்பாலோர்க்கு இருபது ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. முப்பது ஆண்டுகளில் 4.3 இலட்சம் பேர் வரை பயன்பெறுவர் எனவும், 3.2 இலட்சம் கோடி யென் தேவைப்படும் எனவும் அரசு மதிப்பிட்டது. இதற்கான சட்டம் 2012 சனவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் பெயரை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரோடு ஒப்பிடுவது பயனுடையது. முன்னதில் 'ஹிகாய்ஷா', தீங்குற்றோர், என்ற சொல் இருந்தது. மீட்பு என்ற சொல்லும் இருந்தது. பின்னதில் அவ்விரண்டும் இல்லை. 'குறித்த பி வகைக் கிருமித் தொற்றாளர்' என்ற மருத்துவச் சொல்லே உள்ளது. நோக்கம் கூறும் முதற்பிரிவும், ஊசிக்குழலின் 'தொடர் பயன்பாட்டால்' தொற்றுத்தீங்கு 'நேர்ந்தது' என்கிறது. தொடர் பயன்பாடு என்பது வினையிலிருந்து பிறந்த பெயர்; பயன்படுத்தியவர் யார் என்னும் எழுவாய் அதில் மறைகிறது. உச்சநீதிமன்றமே தவற்றை நிறுவிய ஒரு நிகழ்ச்சியில், தவறு நிறுவப்படாத நிலைக்கென உருவான மொழிநடையே நிலைபெற்றது என்பது நோக்கத்தக்கது.

தொகை பெற விரும்புவோர் ஒவ்வொருவரும் இன்றும் அரசின்மீது வழக்குத் தொடுத்து, வக்காய் பெற்று, அதன்பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். 'வழக்கு' என்ற சொல் பூசலைக் குறிப்பதிலிருந்து விண்ணப்ப நடைமுறையின் ஒரு படியைக் குறிப்பதாக மாறியுள்ளது. ஏழு வயதுக்குள் தடுப்பூசி பெற்றமை, தாயிடமிருந்து தொற்றாமை ஆகியவை காட்டப்படவேண்டும். தாய்–சேய் நலக் கையேடு இல்லாதோர், தோளில் உள்ள தடுப்பூசித் தழும்பைப் பற்றிய மருத்துவர் கருத்துரையைச் சான்றாக அளிக்கலாம். ஏடு இல்லாதபோது உடலே ஆவணமாகிறது. இருபது ஆண்டு வரையறை எந்நாளிலிருந்து கணக்கிடப்படும் என்ற பூசலும் உடன்பாட்டோடு முடியவில்லை. ஒருமுறை தணிந்து மீண்டும் தோன்றிய அழற்சிக்கு, அது மீண்டும் தோன்றிய நாளிலிருந்தே கணக்கிடவேண்டும் என 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் நோயாளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

5. பிரித்தானிய ஒப்பீடு

பிரித்தானியாவில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான இரத்தம் உறையாமை நோயாளிகளுக்காக 1988இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. தொகையின் பெயர் 'எக்ஸ் கிரேஷியா', அதாவது அருளின்பாற்பட்டது. கடமை இல்லாதபோதும் இரக்கத்தால் தரப்படுவது என்பது இவ்விலத்தீன் தொடரின் சட்டப்பொருள். 1991ஆம் ஆண்டு இணக்கத்தில், கல்லீரல் அழற்சி குறித்துப் பின்னர் வழக்குத் தொடுப்பதில்லை என்ற உறுதியும் நோயாளிகளிடம் பெறப்பட்டது. 2004இல் சி வகைத் தொற்றுக்கு அமைந்த நிதியமும் அருள்தொகையே வழங்கியது.

2017இல் அறிவிக்கப்பட்டுப் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையில் நடைபெற்ற விசாரணை, 2024 மே 20 அன்று இறுதியறிக்கை அளித்தது. 30,000க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர், ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர், இது விபத்தன்று என அது முடிவுரைத்தது. அன்றே தலைமை அமைச்சர் மன்னிப்புக் கோரினார்; அவ்வாண்டிலேயே சட்டப்படி இழப்பீட்டு ஆணையமும் அமைந்தது. அருள்தொகை என்ற சொல்லிலிருந்து இழப்பீடு என்ற சொல்லுக்கு வந்துசேர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. பிரித்தானியாவில் தொகையின் பெயர் மாறிய பின்னரே தீர்வு முழுமை நோக்கி நகர்ந்தது. ஜப்பானில் தொகையின் பெயர் மாறாமலே, பொறுப்பு முகவுரையிலும் உடன்பாட்டிலும் நேர்ச்சந்திப்பிலும் இடம்பிடித்தது.

6. தமிழாக்கச் சிக்கல்கள்

6.1 தொகைப் பெயர்கள்

தமிழ் இதழியல் வழக்கில் இழப்பீடு, நட்டஈடு, நிவாரணம், கருணைத் தொகை, உதவித்தொகை ஆகியன பெரும்பாலும் ஒன்றற்கொன்று மாற்றாக ஆளப்படுகின்றன. ஒரே செய்தியின் தலைப்பில் இழப்பீடும் உள்ளே நிவாரணமும் வருவதுண்டு. மேலே கண்ட வரலாற்றை இவ்வாறு தமிழாக்கினால் வரலாறே மறைந்துவிடும். எனவே பின்வரும் நிகரன்களைப் பரிந்துரைக்கலாம்:

(அ) பைஷோ – தவற்றுக்கான இழப்பீடு
(ஆ) ஹோஷோ – ஈட்டுத்தொகை
(இ) க்யூசாய் – துயர்தீர்ப்பு; திட்டப்பெயர்களில் நிவாரணம்
(ஈ) க்யூஃபுகின் – வழங்குதொகை
(உ) எக்ஸ் கிரேஷியா – கருணைத் தொகை

இவற்றுள் கருணைத் தொகை தமிழக அரசாணைகளில் வேரூன்றிய சொல். மூலத்தின் மறைபொருளை வெளிப்படையாகவே காட்டுவது. வக்காய்க்கு 'சமரசம்' என்பதைவிட 'இணக்கத் தீர்வு' பொருத்தமானது. மூலச்சொல்லின் இரு கூறுகளும் அதில் அமைகின்றன.

6.2 ஆட்பெயர்

'பாதிக்கப்பட்டவர்' என்ற தமிழ்ச்சொல் நோயுற்றவர், இடருற்றவர், பிறரால் தீங்கிழைக்கப்பட்டவர் ஆகிய மூவரையும் குறிக்கும். 2008, 2011 ஆகிய இரு சட்டப்பெயர்களையும் இச்சொல்லால் பெயர்த்தால் வேறுபாடு அழியும். முன்னதற்குத் 'தீங்குற்றோர்', பின்னதற்குத் 'தொற்றாளர்' என ஆள்வது வேண்டும்.

6.3 வினைவடிவம்

இவ்வகையில் தமிழ் வளமுடையது. நேர்/நேர்வி, ஏற்படு/ஏற்படுத்து, விளை/விளைவி என்னும் இணைகள் ஜப்பானியத்தின் குன்றிய, குன்றா வினை இணைகளோடு நன்கு ஒத்துவருகின்றன. ஆங்கிலவழி மொழிபெயர்ப்பில், ஆங்கிலச் செயப்பாட்டு வினையைப் பின்பற்றித் 'தீங்கு விளைவிக்கப்பட்டது' என எழுதும் போக்கு உண்டு. செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்திருந்தாலும் உள்ளார். 'நேர்ந்தது' என்பதில் செய்தவரே இல்லை. மூலம் செய்தவரை இல்லாமலாக்கியிருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் அவரைத் தோற்றுவிப்பது நன்னோக்கம் உடையதாயினும் பிழையாகும். மூலத்தின் நழுவலை நழுவலாகவே காட்டுவதுதான் அதனை ஆராய வருவோருக்குச் செய்யும் உதவி. அவ்வாறே 'தடுக்க இயலவில்லை', 'தடுக்கவில்லை' என்னும் இரண்டும், 'மன்னிப்புக் கோருகிறது', 'மன்னிப்புக் கோரவேண்டும்' என்னும் இரண்டும் தமிழில் எளிதில் வேறுபடுத்தக் கூடியவை. நடையழகு கருதி இவற்றை ஒன்றாக்குதல் கூடாது.

7. முடிவுரை

1996இல் இணக்கப்பணம், 2008இலும் 2011இலும் வழங்குதொகை என மூன்று தீர்வுகளிலும் தொகையின் பெயர் தவற்றைச் சுட்டாமலே நின்றது. பொறுப்போ ஒவ்வொரு முறையும் வேறொரு பனுவலில் இடம்தேடிற்று. தவற்றைச் சுட்டும் சொல் அத்தவறு நிறுவப்பட்டோருக்கு மட்டுமே பயன்படும் என்ற சட்டநிலையில், அனைவரையும் உள்ளடக்கச் சுட்டாச் சொல்லை ஏற்றுக்கொண்டு, முகவுரையிலும் உடன்பாட்டிலும் பொறுப்பை எழுதவைத்தது வழக்காடிகளின் நுண்ணறிவு எனல் தகும். எனினும், சுட்டாச் சொல் தந்த விரிவைச் சான்றுவிதிகளும் காலவரையறைகளும் குறுக்கின. பி வகைத் தொற்றுக்கு வழக்குத் தொடுக்கும் காலக்கெடு இருமுறை நீட்டிக்கப்பட்டு, 2027 மார்ச்சு 31 என அமைந்துள்ளது. தம் தொற்றின் மூலம் எதுவென அறியாதோர் அந்நாளுக்குள் அதனை அறிவதற்கு, தமக்குப் பொருந்தும் பெயர் எது என்பதை அவர்தம் மொழியில் யாரேனும் தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டும். அரசாணையையும் சட்டத்தையும் மொழிபெயர்ப்போரின் பணி அத்தகையது.